படியில் ஒரே குரல்

பாட்டுக் குழுவில் அவரை எல்லோரும் 'அங்குலம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக அந்தக் குழுவின் வேனை ஓட்டுகிறார். ஸ்பீக்கர், டிரம்ஸ், கீபோர்டு எல்லாவற்றையும் ஏற்றி இறக்குகிறார். எந்த அரங்குக்குப் போனாலும் முதலில் டேப்பை இழுத்து வாசலையும் படியையும் அளந்துவிட்டுத்தான் பெட்டியில் கை வைப்பார். இதுவரை ஒரு பெட்டியிலும் கீறல் விழுந்ததில்லை.

மாமனாருக்கு மட்டும் இந்த வேலை பிடிக்கவே இல்லை. அவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். யாராவது கேட்டால், "மாப்பிள்ளை டிரான்ஸ்போர்ட்ல இருக்கார்" என்று பேச்சை முடித்துவிடுவார்.

அந்த மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீடுதான் சிக்கல். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. காலை ஊன்றக் கூடாது, இடுப்பை அதிகம் மடக்கவும் கூடாது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்த்து, இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்று கையை விரித்துவிட்டார்கள். மைத்துனர் ஒரு முதியோர் இல்லத்தில் கட்டிலுக்குச் சொல்லி வைத்தார். பெரியவர், "என் வீட்டுக்குப் போகணும்" என்பதைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை.

அங்குலம் டேப்போடு போய்த் திருப்பத்தை அளந்தார். "இதைவிட இடுக்குல கீபோர்டு போயிருக்கு."

"எங்கப்பா கீபோர்டு இல்லைங்க," என்றாள் மனைவி.

"தெரியும். கீபோர்டு வாய் பேசாது."

டாக்டரிடம் கேட்டு, சரியான சாய்வில் ஒரு நாற்காலியைத் தேடிப் பிடித்து பெல்ட் மாட்டினார். டிரம்மரை அதில் உட்காரவைத்து இரண்டு முறை ஒத்திகை பார்த்தார். டிரம்மர் பெரியவரைவிட இருபது கிலோ கூடுதல். வேனில் கனமான இரண்டு பெட்டிகளை மட்டும் இறக்காமல் விட்டார். காலி வேன் பள்ளத்தில் துள்ளும்.

பெரியவர் வீட்டு வாசல்வரை ஒரு குலுங்கல் இல்லாமல் வந்து சேர்ந்தார். குழுவில் நான்கு பேர் நாற்காலியைத் தூக்க, அங்குலம் பக்கத்திலேயே ஏறினார். பாடகர் வழக்கம்போல எதையும் தூக்காமல் தலையணையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

"இடது பக்கம் தாழுதுப்பா, கொஞ்சம் மேல..." என்று பெரியவர் ஆரம்பித்தார்.

"மாமா, படியில ஒரே குரல்தான். அது என்னோடது."

ஒரு பள்ளிக்கூடத்தையே அதட்டியவர் வாயை மூடிக்கொண்டார்.

"ஏறு. நில்லு. ஏறு." திருப்பத்தில் நாற்காலியின் கைப்பிடி சுவரைத் தொடப் போனது. அங்குலம் தன் கையை இடையில் கொடுத்தார். "திருப்பு. ஏறு."

மேலே கட்டிலில் படுக்கவைத்தபோது பெரியவர் மேல் ஒரு கீறல் இல்லை. மருமகனின் புறங்கையில்தான் தோல் உரிந்திருந்தது.

எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "ஆஸ்பத்திரி ஆளுங்களா சார்?"

"இல்லம்மா. இவர் என் மாப்பிள்ளை. பாட்டுக் குழுவுக்குப் பெட்டி தூக்குறார்," என்றார் பெரியவர். "நீங்களும் எங்கயாவது விழுந்தா சொல்லுங்க. பத்திரமா கொண்டாந்து சேர்த்துடுவார்."