ஒன்பது நாள் குறைவு

தி.நகரில் ஆறு வருடம் வேலை பார்த்த அலுவலகத்தை விட்டபோது எனக்கு ஐந்தாவது மாதம். அடையாரில் புது வேலை கிடைத்திருந்தது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் இருபது நிமிடம். குழந்தை பிறந்தபின் இதுதான் தோது என்று நானே முடிவெடுத்தேன். கர்ப்பம் என்று சொல்லித்தான் வேலையை ஒத்துக்கொண்டேன். ஆறு மாத மகப்பேறு விடுப்பைப் பற்றி ஒரு நிமிடம்கூடக் கவலைப்படவில்லை. பி.எஃப். கணக்கு கூடவே வருகிறதே, அதுபோல என் ஆறு வருட சர்வீஸும் பின்னாலேயே வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். படித்த முட்டாள் என்றால் என்னைத்தான் சொல்ல வேண்டும்.

ஜூலை நடுவில் வந்து சேரச் சொன்னார்கள். அப்போதுதான் ஆடி பிறந்திருந்தது.

"ஆடியில போய் யாராவது புது வேலையில சேருவாளா? அதுவும் வயித்துல கொழந்தையோட? ஆவணி பொறக்கட்டும். ஒரு மாசத்துல என்ன குடி முழுகிப் போறது?" என்றார் மாமியார்.

ஆடித் தள்ளுபடிக்கு ரங்கநாதன் தெருவில் இடிபடுவதற்கு மட்டும் நாள் கிழமை பார்க்காத வீடு எங்களுடையது. இதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. எனக்கும் அலுப்பாக இருந்தது. அலுவலகத்தில் கேட்டேன், தாராளமாக ஆகஸ்ட் இருபதுக்கு மேல் வாருங்கள் என்றார்கள். மின்விசிறிக்கு அடியில் நாவல்பழம் தின்றுகொண்டு ஒரு மாதம் படுத்துக் கிடந்தேன். சுகமாகத்தான் இருந்தது.

அக்டோபரில் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தபோது எச்.ஆர். பெண் என்னை உட்கார வைத்துப் பேசினாள்.

"மேடம், டெலிவரி டேட்டுக்கு முந்தின ஒரு வருஷத்துல நம்ம கம்பெனியில எண்பது நாள் வேலை செஞ்சிருக்கணும். நீங்க கடைசி நாள் வரைக்கும் வந்தாக்கூட எழுபத்தொண்ணுதான் வருது."

"பழைய ஆபீஸ்ல ஆறு வருஷம் இருந்தேனே?"

"அது அங்க மேடம். ஒரு மாசம் முன்னாடி ஜாயின் பண்ணியிருந்தீங்கன்னா பிரச்சினையே இல்ல."

சம்பளமில்லாத விடுப்பாக மூன்று மாதம் தருவதாகச் சொன்னாள். அதற்கு மேல் இடத்தைப் பிடித்துவைக்க முடியாதாம்.

ஆடியால் வந்த வினை என்று மாமியாரிடம் நான் சொல்லவில்லை. கம்பெனி விதி அப்படி என்று மட்டும் சொன்னேன். நல்ல மனதால் மறைத்தேன் என்று நினைக்க வேண்டாம். வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று பயம்.

மகளுக்கு மூன்று மாதம் முடிந்ததும் அவளை மாமியார் மடியில் விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். பிற்பகலில் மார் கனத்துக் குர்தா நனையும். பழைய ஃபைல்கள் அடுக்கியிருந்த அறையில் கதவைத் தாழிட்டுப் பாலைப் பீய்ச்சிக்கொண்டே போனில் அவள் வீடியோவைப் பார்ப்பேன். அவளுக்காக அப்படி ஏங்கினேன். சிக்னலில் யாரோ ஒருத்தி தோளில் குழந்தை தூங்கினால் அவள்மேல்கூடப் பொறாமை வந்தது.

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே கேட்பேன்.

"இன்னிக்கு என்னம்மா பண்ணினா?"

"ஒண்ணும் பண்ணலை. தூங்கினா, பால் குடிச்சா, மறுபடி தூங்கினா" என்பார் மாமியார். தினமும் இதே பதில். ஒருவிதத்தில் அது ஆறுதலாக இருந்தது. நான் இல்லாத நேரத்தில் எதுவும் நடக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, பாயில் மல்லாந்து கிடந்தவள் இடுப்பை வளைத்து, காலை உதறி, சட்டென்று குப்புறப் புரண்டுவிட்டாள். நான் போட்ட கூச்சலில் மாமியார் கரண்டியோடு ஓடிவந்தார்.

"அட! புரண்டுட்டாளா! மொதல் தரம்!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

எங்கள் வீடுகளில் குழந்தை முதன்முதலாகப் புரண்டால் கொழுக்கட்டை செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும். உடனே செய்தார். எதிர் ஃபிளாட் மாமிக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

மாமி தட்டைப் பார்த்தார். "என்னடி இது, மறுபடியுமா? கொழந்தை குப்புறிச்சுண்டுட்டான்னு புதன்கிழமைதானே உன் மாமியார் கொழுக்கட்டை குடுத்தா!" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, உன்கிட்ட சொல்லப்படாதுன்னாளே."

வீட்டுக்குத் திரும்பினேன். மாமியார் அடுப்படியிலிருந்தே, "என்ன சொன்னா?" என்றார்.

"நன்னா இருக்குன்னாம்மா."

கதவைச் சாத்திக்கொண்டு மகளை மறுபடி மல்லாக்கப் போட்டேன். பக்கத்திலேயே படுத்துக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் புரண்டாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு அழுதேன். எனக்கு அந்தப் புதன்கிழமைதான் வேண்டியிருந்தது.