மயிலை திரும்பிய சந்து

விடிந்ததும் சிராங்கூன் சாலையில், எங்கள் பேச்சில் சடக்கில், புழுதி அடங்க நீர் தெளிக்கும் தண்ணீர் வண்டிக்கு அருகே பின்பக்கம் பார்த்தபடியே நடந்து வருவார் செல்லக்கண்ணு. மாடு தன்பாட்டில் முன்னால் போகும். அவர் கண்ணெல்லாம் துளைக்குழாயிலிருந்து புழுதியில் விழும் நீர்மேல் இருக்கும். சர்க்கார் சடக்கு முடிகிற எல்லைக்கல் வந்ததும் குழாய்த் திருகை மூடிவிடுவார். கல்லுக்கு அப்பால் ஒரு சொட்டு விழாது. ஒருநாள் கால் கழுவக் கொஞ்சம் கேட்டேன். "ராவுத்தரே, இது சடக்கு குடிக்கிற தண்ணி" என்று போய்விட்டார். சரியான கஞ்சன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒல்லியான ஆள். காக்கிச் சட்டையில் மூன்று பித்தான். மூன்றும் மூன்று நிறம். மாட்டின் பெயர் மயிலை. முன்பு ஓட்டியவரிடமிருந்து வண்டியோடு சேர்ந்து வந்தது. மாட்டுக்கும் செல்லக்கண்ணுவுக்கும் ஓயாத வழக்கு. எங்கள் சந்து முனைக்கு வந்தால் மயிலை உள்ளே திரும்பப் பார்க்கும். "இங்க உனக்கு மாமியார் வீடா இருக்கு? நட" என்று கயிற்றை இழுப்பார். நான்கு வருடமாகத் தினமும் இதே கூத்துதான்.

எங்கள் சந்து அப்போது சேறும் குழியும். போன மழையில் அடுத்த வீட்டு மைமூனுக்கு வலி எடுத்தபோது, மருத்துவச்சியின் ரிக்‌ஷா முனையிலேயே நின்றுவிட்டது. அவள் சேற்றில் தடுமாறி வந்து சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டது. இந்த மழைக்கு என் மனைவி கதீஜாவுக்குப் பேறு மாதம். சடக்கு ஆபீஸில் கேட்டால், நிலத்துக்காரச் சீன முதலாளி, தவ்கேதான் வழியைச் செப்பனிட வேண்டும் என்றார்கள். தவ்கே, அது சர்க்கார் வழி என்றார். இரண்டு மாதம் இருவருக்கும் நடுவே நடந்தேன்.

ஒருநாள் முனையில் நின்று இதைப் புலம்பினேன். கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த செல்லக்கண்ணு கையைத் தளர்த்தி மாட்டைப் பார்த்தார்.

"இவன் சும்மா திரும்பலீங்க. முன்ன ஓட்டினவர் உள்ள தண்ணி ஊத்தப் போயிருக்கணும். அப்படின்னா இது சர்க்கார் சடக்கு."

மறுநாள் ஓவர்சியர் கோவிந்தசாமியை அழைத்து வந்தார். அட்டவணையில் இல்லாத வழியில் வண்டியை விட்டால் வேலை போய்விடும் என்று ஓவர்சியர் மிரட்டினார்.

"போனாப் போவுதுங்க. அந்தப் புள்ளத்தாச்சிக்கு வழி வேணும்" என்று செல்லக்கண்ணு கயிற்றை விட்டுவிட்டார்.

மயிலை சேற்றில் இறங்கி நடந்து, சந்தின் கோடியில் ஒரு புதர் அருகே தானாக நின்றது. புதரை விலக்கினோம். பாசி படிந்த எல்லைக்கல், அதில் சர்க்கார் முத்திரை. ஓவர்சியர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். செல்லக்கண்ணு மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "நாலு வருசமா உன்னத் திட்டிட்டேனேடா" என்றார்.

பத்து நாளில் ஜல்லி வந்தது. மழைக்கு முன் சந்து கெட்டிப்பட்டது. மருத்துவச்சி எங்கள் வாசலிலேயே வந்து இறங்கினாள். என் மகள் நலமாகப் பிறந்தாள். இந்த நன்றியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வேட்டி வாங்கிப் போனேன், அவர் தொடவில்லை.

"கண்டுபிடிச்சது இவன். குடுக்கிறத இவனுக்குக் குடுங்க."

இப்போது தினமும் கதீஜா வாசலில் கழுநீர் வைக்கிறாள். மயிலை தலையை ஆட்டி ஆட்டிக் குடிக்கும். உள்ளே தூளியில் பிள்ளை தூங்கும். குடித்து முடியும்வரை செல்லக்கண்ணு மாட்டின் கழுத்து மணியை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.