துரையின் முதுகுப்பக்கம்

சமையலறையில் எறும்புக்கு சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஒற்றை ஆள் சமைக்கிற வீட்டுக்கு இத்தனை எறும்பு எங்கிருந்துதான் வருகிறதோ. குனிந்து இழுத்தபோது தூள் மூக்கில் ஏறியது. உடனே டேனியல் வந்துவிட்டான். வந்தான் என்றால் நினைவில்தான். போன மழைக்காலத்தில் அவன் போய்ச் சேர்ந்தாயிற்று. அந்த நேரம் பார்த்துக் காலனி வாட்ஸ்அப்பில் ஒரு சேதி: “முனையில் இருந்த துரை சிலை இன்று காலை எடுக்கப்பட்டது.”

துரை யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் காலத்து அதிகாரி. மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து எங்கள் காலனிக்குத் திரும்பும் முனையில், ஆளுயரக் கருங்கல் பீடத்தின் மேல் தொப்பியும் பிரம்புமாக நின்றார். பீடத்தின் முன்பக்கம் இங்கிலீஷில் ஏதோ வெட்டியிருந்தது. அதைப் படிக்கிற பொறுமை எங்களில் யாருக்கு? ரயில் விட்ட மகராசன் என்று யாரோ கிளப்பிவிட, அதுவே நிலைத்துவிட்டது. ஆயுத பூஜைக்கு ஆட்டோக்காரர்கள் அவருக்கும் சந்தனம் வைத்து, மாலை போட்டுப் பூசணிக்காய் உடைப்பார்கள். அந்தப் பொரியை நானும் வாங்கித் தின்றிருக்கிறேன்.

வேலைக்குப் போன புதிதில் நானும் டேனியலும் அங்கேதான் சந்தித்து மின்சார ரயிலுக்குப் போவோம். எனக்குப் பாரிமுனையில் குமாஸ்தா உத்தியோகம். அவன் சைதாப்பேட்டையில் பள்ளிக்கூட வாத்தியார். செல்போன் இல்லாத காலம். முதலில் வந்தவன் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, பீடத்தின் பின்பக்கம் சாக்பீஸால் ‘போயிட்டேன்’ என்று எழுதிவிட்டு நடையைக் கட்டுவான். சாக்பீஸ், டேனியலின் சட்டைப்பை உபயம். நான் எழுந்திருக்கிற லட்சணத்துக்கு, பெரும்பாலும் எழுதுகிறவன் அவன், படிக்கிறவன் நான். நாளடைவில் வீட்டுச் சமாச்சாரமெல்லாம் அதில் ஏறியது. ‘பொண்ணு பார்க்கப் போறியாமே, ஷேவ் பண்ணிக்கோ.’ என் மகள் பிறந்த சேதியையே ஒரு சாயங்காலம் ரயிலைவிட்டு இறங்கி அந்தக் கல்லில்தான் படித்தேன்.

ஒன்று மட்டும் புரியாமல் இருந்தது. டேனியல் முன்பக்கம் வரவே மாட்டான். மார்கழிப் பனியிலும் பின்னால்தான் நிற்பான்.

“முன்னாடி வந்து நில்லேன்டா, வெயிலாவது படும்,” என்றேன் ஒருநாள்.

“அங்க நின்னா அவனுக்கு சலாம் போடற மாதிரி இருக்கும்டா. மொதல்ல அதுல என்ன எழுதியிருக்குன்னு படி.”

படித்தேன். இந்தப் பகுதியில் ஒழுங்கை நிலைநாட்டியவர் என்கிற மாதிரி இருந்தது. நல்ல விஷயம்தானே என்றேன். அப்புறம்தான் அது என்ன ஒழுங்கு என்று சொன்னான். கூலி இல்லாமல் ஏரி வேலைக்கு வரமாட்டோம் என்றவர்களை அதே முனையில் கட்டிவைத்து அடித்த ஒழுங்கு. அடி வாங்கியவர்களில் டேனியலுடைய தாத்தாவின் அப்பாவும் ஒருவர். அந்தக் கதையைப் பேசாமல் அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் சாப்பாடு முடியாதாம்.

“அந்தப் பிரம்பு சும்மா ஸ்டைலுக்குன்னு நெனச்சியா?” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு நானும் பின்பக்கத்து ஆள் ஆனேன்; பொரியும் நின்றது.

சிலை வேண்டுமா வேண்டாமா என்று போன மாதம் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். சரித்திரத்தை அழிக்கலாமா என்று ஒரு கட்சி, அடித்தவனுக்கு மாலையா என்று இன்னொரு கட்சி. ஆட்டோக்காரர் ஒருவர் எழுந்தார். “இன்னா சார், துரைதான் நம்ம ஸ்டாண்டுக்கு அட்ரஸே. அவரு பூட்டா சவாரி எங்க வந்து நிக்கும்? பேஜாரா பூடும்.”

கல்லூரிப் பெண் ஒருத்தி, “அட்ரஸுக்கு ஒரு போர்டு வெச்சுக்கலாம் அண்ணா. அடி வாங்கினவங்களுக்கு இந்த ஊர்ல என்ன வெச்சிருக்கோம்?” என்றாள்.

எனக்கோ, இருக்கட்டும் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. சரித்திரத்துக்காக அல்ல, எனக்காக. மனைவி போய்விட்டாள், மகள் கனடாவில். கூட ரயிலேறியவர்கள் கூடுவாஞ்சேரி, கேளம்பாக்கம் என்று அடுக்குமாடிகளுக்குக் கலைந்துவிட்டார்கள். சாயங்காலம் போய் அந்தப் பின்பக்கத்தில் சற்று நின்றால்தான், எனக்காக ஒருவன் காத்திருந்த இடம் ஒன்று உண்டு என்று மனசு ஆறும். எதிரே கடை வைத்திருப்பவர், யாருக்காகவோ நிற்கிறேன் என்று நினைத்து நாற்காலி கொடுப்பார். வேண்டாம், இப்போது வந்துவிடுவார்கள் என்பேன்.

எடுக்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். தூக்கினேன். டேனியல் உயிரோடு இருந்தால் இரண்டு கையையும் தூக்கியிருப்பான்.

எறும்புக் கோட்டைப் பாதியில் விட்டுவிட்டு முனைக்குப் போனேன். பீடத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஈர சிமெண்டைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியவில்லை. பிரம்பு இல்லாத முனை நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

கையில் எறும்பு சாக்பீஸ் அப்படியே இருந்தது. ‘துரை போயிட்டான்டா’ என்று டேனியலுக்கு ஒரு வரி எழுத வேண்டும். எழுதுவதற்கு அந்தக் கல் இல்லை.