ஏழாம் எண்ணில் இருந்த ஸ்டெபிலைசர்

இப்போது வருகிற ஸ்டெபிலைசர்கள் தாமாகவே கரண்ட்டைச் சரிசெய்துகொள்கின்றன. எனக்கோ அந்தப் பழைய பெட்டியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கரியாலூர்ப் பக்கம் மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தபோது மருந்து அறைச் சுவரில் மாட்டியிருந்தது. உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர். வெளியே ஒரு முள்ளும் ஒன்று முதல் ஏழு வரை எண் போட்ட திருகும். கரண்ட் கம்மியானால் எண்ணை ஏற்ற வேண்டும், ஜாஸ்தியானால் இறக்க வேண்டும். சனியன், தானாக ஒன்றும் செய்யாது. நாள் முழுக்க நாம்தான் காவல்.

எதிரே மாவு மில். மில்லுக்கார பாய் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்து தொழில் செய்தவர், தங்கமான மனுஷர். அவர் மோட்டாரைப் போட்டால் எங்கள் பல்புகள் அழுதுவடியும். நான் எண்ணை ஏற்றுவேன். மோட்டார் நின்றால் கரண்ட் குபீரென்று ஏறும். அதற்குள் எண்ணை இறக்காவிட்டால் பல்பு வெடிக்கும். ஆனால் கொட்டிய தானியம் தீராமல் அவர் நிறுத்தவே மாட்டார். "பாதியில நிறுத்தினா கல்லு புடிச்சிக்கும் சிஸ்டர்" என்பார். தானியம் தீரும்போது மில்லின் சத்தம் மாறும். அதைக் கேட்டுத்தான் நான் திருகுக்கு ஓடுவேன்.

ஒரு மழைக்காலத்துக் காலையில் குறைமாதக் குழந்தை ஒன்று பிறந்தது. மண் சரிந்து பாதை அடைபட்டதால் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வழியில்லை. மேலே பல்புகள் மாட்டிய மரப்பெட்டிதான் கதி. அந்தச் சூட்டில்தான் அது பிழைக்க வேண்டும். தாய்க்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே பிடிக்கவில்லை. குழந்தையை எடுத்து எடுத்து மார்பில் போட்டுக்கொண்டாள். "அறிவு இருக்கா உனக்கு? பொட்டியில இருந்தாத்தான் பொழைக்கும்" என்று கத்தி, இரண்டு முறை பிடுங்கிப் பெட்டியில் வைத்தேன். அப்போது எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மில் ஓடத் தொடங்கியது. பல்புகள் சிவந்து மங்கின. எண்ணை ஏழுக்கு ஏற்றியும் போதவில்லை. குழந்தையின் பாதம் நீலம் பாரித்துவிட்டது. வாசலுக்கு ஓடி, "பாய், பச்சப்புள்ளைக்கு சூடு பத்தலைங்க, மில்லை நிறுத்துங்க!" என்று கத்தினேன். கொட்டியது தீரக் கால் மணி நேரமாவது ஆகும், சத்தம் மாறும்போது ஓடிப்போய் எண்ணை இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். அவர் வழக்கத்தை அவ்வளவு நம்பியிருந்தேன்.

பிள்ளை என்று கேட்டதும் அந்த மனுஷர் கல்லையும் பார்க்கவில்லை, தானியத்தையும் பார்க்கவில்லை. அந்த நொடியே சுவிட்சைத் தட்டிவிட்டார். சத்தம் மாறவே இல்லை, சட்டென்று நின்றது.

நான் மருந்து அறை வாசலைக்கூட எட்டவில்லை. பிரசவ அறைக்குள் வெள்ளையாக ஒரு வெளிச்சம். அடுத்தடுத்து இரண்டு வெடிச் சத்தம். ஐயோ, என் கையாலேயே கொன்றுவிட்டேனே என்று உள்ளே விழுந்தடித்து ஓடினேன். பெட்டிக்குள் விரித்த துணி முழுக்கக் கண்ணாடிச் சில்லு. குழந்தையைக் காணோம்.

வெளியே பாய் ஓடிவருவது கேட்டது. "ஒடனே நிறுத்திட்டேங்க சிஸ்டர்! புள்ள எப்டி கீது?"

கட்டிலுக்கு அந்தப் பக்கம், மூலையில், தாய் குந்தியிருந்தாள். சேலைக்குள் மார்போடு இறுக்கிக் கட்டிய குழந்தை மெல்லச் சிணுங்கியது. நான் கிட்டே போனதும் அடிக்கத்தான் வருகிறேன் என்று நினைத்து, அதன் தலையைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"கோச்சிக்காதீங்க சிஸ்டர். கொழந்தைக்கு கை சில்லுனு இருந்திச்சி, அதான் எடுத்துக்கினேன். இனிமே எடுக்க மாட்டேங்க."