உதிராத வால்

தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் உதிர்ந்துவிடும் என்றுதான் வெள்ளத்தாய் படித்திருந்தாள். ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் கரும்பலகையிலும் அப்படியே எழுதிப்போட்டாள். 1986 ஐப்பசியில், தொட்டியில் வளர்த்த தலைப்பிரட்டைகள் எல்லாம் தவளையாகி வெளியேறின. உதிர்ந்த வால்களை மாணவிகளுக்குக் காட்டலாம் என்று அந்தத் தண்ணீரைப் பேண்டேஜ் துணியில் வடிகட்டினாள். ஒரு வால்கூட இல்லை.

வால் உதிரவில்லை. இருந்த இடத்திலேயே செத்துக் கரைந்து, தவளைக்குள்ளேயே போய்விட்டது. அது ஏன் சாகிறது என்பதையே முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டாள். கான்சாபுரத்தில் அவள் வீட்டில் அதற்குமுன் கல்லூரி வாசலை மிதித்தவர் கிடையாது.

மதுரையில் இருந்த அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் தனுஷ்கோடியிடம் விடை தயாராக இருந்தது. உருமாறும் நாட்களில் தலைப்பிரட்டை எதையும் தின்பதில்லை. ஆகவே வாலின் செல்கள் பட்டினியில் சாகின்றன. வாலில் சர்க்கரை குறைவதை அளந்து எழுதினால் போதும் என்றார். அளந்தாள், குறையத்தான் செய்தது. அத்தியாயமும் எழுதியாகிவிட்டது. ஆனால் அதே பட்டினியில்தானே கால் முளைக்கிறது? பட்டினிதான் காரணமென்றால் காலும் அல்லவா சாக வேண்டும்? இது நிஜமான சந்தேகமா, இல்லை, தன் மேலேயே நம்பிக்கை இல்லாதவள் செய்யும் முரண்டா என்று அவளுக்கே தெரியவில்லை.

பேராசிரியர் கோபப்படவில்லை. "கேள்வி நல்லாத்தான்மா இருக்கு. முதல்ல பட்டத்தை வாங்கிட்டு, பொறவு கேளுங்க" என்றார்.

பட்டம் இருந்தால்தான் வேலை நிரந்தரமாகும். சந்தேகத்தைத் தீர்க்கவோ இன்னொரு மழை வரவேண்டும். மழையோடுதான் தலைப்பிரட்டை வரும். வெள்ளத்தாய் மழைக்குக் காத்திருந்தாள். அந்த வருஷம் கான்சாபுரம் கண்மாய் நிறையவே இல்லை. அடுத்த வருஷம் நிறைந்தது.

வாளியும் கையுமாக அவள் பஸ் ஏறினால், "தலப்பெரட்ட டீச்சர் வாரா, காலத் தூக்கிக்கிடுங்க" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். கண்மாய்க்குள் பழைய சேலையின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அம்மா சுடலையம்மாளும் பிடித்து அரிப்பார்கள். அறுத்த வால்களைக் கிண்ணத்தில் உப்புநீரில் போட்டு, பாதிக்குச் சர்க்கரை கொடுக்கப்போவதாக மகள் சொன்னபோது சுடலையம்மாள் நிமிர்ந்தாள்.

"ஏட்டி, அறுத்த வாலுக்கு எதுக்குச் சீனி?"

"பசியில சாவுதான்னு பாக்கணும்மா."

"குடுத்தும் செத்துச்சுன்னா?"

"அப்ப அது பசியில சாகல."

"இதத் தெரிஞ்சு ஒனக்கு என்னட்டி ஆகப்போகுது?" சேலையை முறுக்கிப் பிழிந்தாள். "சரி, நாளைக்கும் வாரேன். அந்த மூலையிலதான் நெறையக் கெடக்கு."

பக்கத்து மில்லின் பஞ்சு காற்றில் வந்து கிண்ணத்தில் விழும் என்பதால் கல்லூரி ஆய்வகத்தில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க வேலை பார்த்தாள். உருமாற்றத்தைத் தூண்டும் தைராய்டு ஹார்மோனை எல்லாக் கிண்ணத்திலும் விட்டாள். சர்க்கரை கிடைத்த வால்களும் கிடைக்காதவற்றைப் போலவே சுத்தமாகச் சுருங்கின. நிஜப் பட்டினி எப்படியிருக்கும் என்று பார்க்க, சில கிண்ணங்களில் மட்டும், செல் சக்தி தயாரிப்பதைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்திருந்தாள். அந்த வால்கள் சுருங்கவில்லை. ஊதி, வெடித்து, தண்ணீரைக் கலங்கடித்தன. கிண்ணம் கெட்டுவிட்டது என்று முதலில் கொட்டிவிட்டாள். மறுபடி வைத்தாள், மறுபடியும் அதேதான். மழை ஓயும்வரை வைத்துப் பார்த்தாள். சுருங்குகிற வாலில் ஒவ்வொரு செல்லும் தன்னைத்தானே துண்டு துண்டாக மடித்துக்கொள்ள, பக்கத்துச் செல்கள் அதை விழுங்கின. ஒழுங்காகச் சாவதும் ஒரு வேலைதான். அதற்கும் தெம்பு வேண்டும். தெம்பு இல்லாத செல் வெறுமனே அழுகியது.

மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, தனுஷ்கோடி மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்க வெகுநேரமானது.

"பட்டினி அத்தியாயம்?"

"எடுத்துடுறேன் சார்."

"பட்டம் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும்."

"போகட்டும் சார்."

அவர் சிரித்தார். "காலை வளரச் சொல்றதும் அதே ஹார்மோன்தானம்மா. வாலுக்கு மட்டும் அது ஏன் ‘செத்துப்போ’ன்னு கேக்குது?"

தெரியாது என்றாள். தெரியாது என்று சொல்ல அன்று கூச்சமாக இல்லை. பின்னால் பட்டமும் வந்தது, வேலையும் நிரந்தரமானது. தொண்ணூறுகள் முழுக்க அவளை வேலை வாங்கியது அந்த ஒரு கேள்விதான். அவர் அதைக் கேட்ட அன்று மாலை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஊர்ப் பஸ்ஸுக்கு நின்றபோது, செண்பகத்தோப்புப் பக்கம் மலை கறுத்திருந்தது. கண்மாயில் மிச்சமிருப்பவை தவளையாவதற்குள் வாளியோடு போயாக வேண்டும்.