கண்ணாத்தாள் கேட்டு வாங்கிய பூ

என் அண்ணி கண்ணாத்தாள் ஏறாத மலை இந்தச் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் அநேகமாகக் கிடையாது. அலவாய்மலை, நைனாமலை, கஞ்சமலை, சங்ககிரிக் கோட்டை என்று வருசத்துக்கு ஒன்றாக ஏறினாள். துணைக்கு நானும் ஏறினேன். நாங்கள் பெரிய பக்திப் பழங்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு அப்போதே முழங்கால் வலி. பாதி மலைக்கு மேல் சாமியைத் திட்டிக்கொண்டுதான் ஏறுவேன்.

எங்களுக்கு வெண்ணந்தூர். தறிக்காரக் குடும்பம். என் அண்ணன் கந்தப்பன் உயரமான ஆள், சிரித்த முகம். ஆனால் ஓர் இடத்தில் உட்காரமாட்டான். தறிக்குழியில் காலை விட்டால் எறும்பு கடித்தவன் மாதிரி நெளிவான். நெய்த துண்டெல்லாம் சந்தையில் விலைபோகாமல் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்த வருசம் ஒன்று வந்தது. "மேட்டூருல அணை கட்டறாங்க, ஆள் எடுக்கறாங்களாம்" என்று கிளம்பிவிட்டான். அப்போது அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு வருசம்கூட ஆகவில்லை. பிள்ளையும் இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு ஒரு தரம் வந்தான், அண்ணிக்குக் கண்ணாடி வளையல் வாங்கி வந்தான், மறுபடி போனான். அதோடு சரி.

அணை கட்டி முடிந்தது. போனவர்கள் எல்லாம் ஊர் திரும்பினார்கள். அவன் மட்டும் வரவில்லை. பாறைக்கு வெடி வைத்தபோது நாலைந்து பேர் போய்விட்டார்கள், அதில் ஒருத்தன் உயரமான ஆள் என்றான் ஒருவன். இல்லை, சூரமங்கலம் ஸ்டேஷனில் ரயிலேறப் பார்த்தேன் என்றான் இன்னொருவன். என் வீட்டுக்காரர் மேட்டூருக்கே போய் விசாரித்தார். "அவன் எப்பவோ போயிட்டானே" என்பதற்கு மேல் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வருசம் பார்த்தோம். பிறகு ஊர்ப் பெரியவர்கள் என் அம்மா முத்தாயம்மாளிடம் வந்து உட்கார்ந்தார்கள். செத்திருந்தால் காரியம் செய்ய வேண்டும், கண்ணாத்தாளின் தாலியை வாங்க வேண்டும். இருந்தால் காத்திருக்க வேண்டும். மனுசனுக்குத் தெரியாததைச் சாமியிடம்தான் பூப் போட்டுக் கேட்க வேண்டும் என்றார்கள். ஒரு வெள்ளரளி, ஒரு செவ்வரளி. இரண்டையும் தனித்தனியே இலையில் மடித்து, ஒரே மாதிரி நாரால் கட்டி, சாமியின் காலடியில் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுப்பார். வெள்ளை வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறான். சிவப்பு வந்தால் இல்லை. அதற்கு மேல் பேச்சே கிடையாது.

அந்த வாக்கும் ஒரு வருசத்துக்குத்தான் செல்லும் என்பது எங்கள் தெருக் கட்டுப்பாடு. மறு வருசம் திரும்பக் கேட்க வேண்டும். ஆனால் கேட்ட சாமியிடமே கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் நீ சொன்னதை நான் நம்பவில்லை என்று சாமியின் முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகிவிடும். அதனால்தான் எங்களுக்கு வருசத்துக்கு ஒரு மலை.

முதலில் பக்கத்து அலவாய்மலை. பூசாரி பொட்டலத்தைப் பிரிக்கும்போது அண்ணி என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் உடைந்து போயிற்று. வெள்ளை வந்தது. அவள் அந்தப் பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, பாறைமேல் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை முக்கால்வாசியும் அவளே தின்றாள். மாதக்கணக்காக அவள் வயிறாரச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. "அண்ணி, எனக்கும் ரெண்டு வாய் வெய்யுங்க" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் மனசு குளிர்ந்தது. என் அண்ணன் இருக்கிறான் அல்லவா!

அடுத்த வருசம் நைனாமலை. ஐயோ, அது மலையா அது? சுவரில் படி வெட்டி வைத்த மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கிறது. "இந்தப் பெருமாளுக்குக் கீழ இடமே கெடைக்கலியாக்கும்?" என்று நான் புலம்ப, "பேசாம வா அம்மிணி, காதுல உழுந்தா சிவப்பக் குடுத்துருவாரு" என்று அண்ணி என் வாயைப் பொத்தினாள். பெருமாள் வெள்ளைதான் கொடுத்தார். அதற்கடுத்த வருசம் கஞ்சமலை அடிவாரத்துச் சித்தர் கோயில். அமாவாசைக் கூட்டம் நேர்த்திக்கடனாக உப்பையும் வெல்லத்தையும் கொட்டிக்கொண்டிருந்தது. சித்தரும் வெள்ளை கொடுத்தார். ஒவ்வொரு தரமும் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் தெருவுக்குள் நுழையும்போது என் அம்மா வாசலிலேயே நிற்பாள். பூவின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.

சங்ககிரிக் கோட்டைக்குப் போனபோதுதான் எங்களுக்குள் சண்டை. சூரமங்கலத்தில் ரயிலேறிப் போய் இறங்கி, வாசல் வாசலாகக் கடந்து மேலே ஏறினோம். இடிந்த மதில், பாழும் கிணறு, வழியெல்லாம் சீத்தாமரம். எந்த ராசாவுடைய கோட்டையோ, இப்போது ஆடு மேய்கிறது. உச்சியில் கேசவப் பெருமாள் கோயில் பூட்டிக் கிடந்தது. பூசாரி கீழேயிருந்து வர நேரமாகும் என்றார்கள். மதில் நிழலில் உட்கார்ந்தோம். வெயிலும் பசியும் சேர்ந்து எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன் அண்ணி, வருசா வருசம் இருக்கானா, இருக்கானான்னே கேக்கறீங்களே. இருக்கான்னுதான் எல்லாச் சாமியும் சொல்லியாச்சே. வருவானான்னு கேட்டா என்ன?"

"அது வேண்டாம், அம்மிணி."

"ஏன் வேண்டாம்?"

"ஒரு பூவுக்கு ஒரு கேள்விதான். உன்ற அண்ணன் இருந்தாப் போதும் எனக்கு. இருக்கற மனுசன் வராம எங்க போவாரு?"

"வரலைன்னா?"

"சும்மா இரு. இருந்தா வந்துருவாரு."

அவளுக்கு இருப்பதும் வருவதும் ஒன்றேதான். எங்கள் தெருவிலும் எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது. பொய் சொல்வானேன், எனக்கும் அப்படித்தான் இருந்தது. பூசாரி வந்தார், அவள் பழைய கேள்வியையே கேட்டாள், வெள்ளையே வந்தது. இறங்கும் வழியெல்லாம் நான் அவளோடு பேசவில்லை. அவள் எனக்குச் சீத்தாப்பழம் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

இப்படியே வருசங்கள் போயின. என் அம்மா படுத்த படுக்கையில், "மலைமேல இருக்கறவிங்க பொய் சொல்லமாட்டாங்க, எம்பையன் வந்துருவான்" என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடினாள். பங்காளி மகன்தான் கொள்ளி வைத்தான். அது முடிந்த கையோடு அண்ணியின் பெரியண்ணன் குமாரபாளையத்திலிருந்து வந்தார். "இனி இங்க யாருக்காக இருக்கற? நம்மூட்டுக்கு வந்துரு, சாமி. அங்கயும் தறி இருக்குது" என்று கெஞ்சினார். அவள் அசையவில்லை. "அவிங்க வந்து கதவத் தட்டுனா யாருங்கண்ணா தெறக்கறது?" என்றாள். பெரிய மனுசன், துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவள் தனியாகவே தங்கினாள். அவன் தறிக்குழியைத் தினம் கூட்டினாள். அதில் உட்கார்ந்து தானே நெய்தாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

உலகச் சண்டைக் காலம் வந்தது. நூல் கிடைக்கவில்லை. பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் ஓடின. அந்த வருசம் கபிலர்மலை என்று முடிவு செய்திருந்தோம். கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் எங்கள் தெருவில் சின்னண்ணன் என்று பெயருள்ளவன் என் வீட்டுக்கு வந்தான். சோலாப்பூர் மில்லுக்கு வேலைக்குப் போனவன், அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தான். கூடத்தில் உட்கார்ந்தான். பிறகு என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"கந்தப்பன் அங்கதானுங்க இருக்கறான். மில்லுலதான் வேலை. சம்சாரம் இருக்குது. மூணு கொழந்தைக. மூத்த புள்ளை பெரியவளாகற வயசு."

என் அண்ணன் இருக்கிறான் என்று சந்தோசப்படுவதா, அவனை நினைத்து வயிறு எரிவதா? சின்னண்ணன் தொடர்ந்தான். "அவன் என்கிட்ட, ஊருல எல்லாரும் நான் செத்துட்டன்னு காரியம் பண்ணியிருப்பாங்க, அவளும் தாலிய வாங்கிட்டு அவுங்க அண்ணனூட்டுக்குப் போயிருப்பான்னு நெனச்சனே அப்படின்னானுங்க. இல்லடா, வருசா வருசம் மலைக்கு மலை ஏறிப் பூக் கேட்டுட்டு இருக்குதுன்னேன். தலையில அடிச்சுக்கிட்டு அழுதான். என்னைப் பார்த்ததாச் சொல்லிராதேன்னான். என்னால சொல்லாம இருக்க முடியலைங்க."

நான் எழுந்து நேரே அண்ணி வீட்டுக்குப் போனேன். மெல்லச் சொல்ல வேண்டும், பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் எனக்கு வராது. தறிக்குழி ஓரத்தில் நின்று அத்தனையும் கொட்டிவிட்டேன். அண்ணன் என்றும் பாராமல் அவனை வாயில் வந்தபடி திட்டினேன். அவள் கையில் நூல் ஓட்டும் நாடா அப்படியே நின்றது.

"உடம்பு நல்லா இருக்காராமா?" என்றாள்.

"இருக்கான், நல்லா இருக்கான்!"

"கொழந்தைக பொண்ணா, பையனா?"

"எனக்குத் தெரியாது! கேக்கவும் இல்லை!"

அவள் நாடாவைத் தறியின் மேல் வைத்தாள். "பூக் கட்டி வெச்சுட்டேன், அம்மிணி. சாமிக்குக் கட்டுனதக் குப்பையில போடக்கூடாது. காலையில வெள்ளன பஸ்ஸு, வந்துரு" என்றாள்.

கபிலர்மலை ஏறும்போது நான்தான் பேசிக்கொண்டே போனேன். "முருகனுக்குச் சிவப்புதான் பிடிக்கும், இன்னிக்காவது மாறுதான்னு பார்ப்போம்" என்று என்னத்தையோ உளறினேன். சந்நிதியில் பூசாரி இரண்டு பொட்டலத்தையும் வாங்கி வைத்தார்.

"மனசுல இருக்கறதக் கேட்டுக்குங்க, தாயே."

"கேக்கறதுக்கு ஒண்ணுமில்லைங்க சாமி. சும்மா எடுங்க" என்றாள்.

அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்தார். "வெள்ளைங்க தாயே! நல்ல சேதிங்க!" என்று முகமெல்லாம் சிரிப்பாக நீட்டினார்.

அப்போதுதான் உடைந்தாள். இத்தனை வருசத்தில் நான் பார்க்காத அழுகை. சந்நிதிப் படியிலேயே உட்கார்ந்து, என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "இத்தனை சாமியில ஒரு சாமியாச்சும் எனக்குச் சிவப்பக் குடுத்துருக்கலாமே, அம்மிணி. ஒரே ஒரு வாட்டி குடுத்துருந்தா, அன்னிக்கே அழுது முடிச்சிருப்பேனே. எங்கண்ணன் கூப்புட்டப்ப போயிருப்பேனே." பூசாரி ஒன்றும் புரியாமல் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் சேர்ந்து அழுதேன். வேறென்ன செய்ய?

எழுந்தபோது அவள் வெள்ளைப் பூவை எடுக்கவில்லை. "அந்த இன்னொரு பொட்டலத்தக் குடுங்க சாமி" என்று கேட்டாள். "அது சிவப்புங்க தாயே, ஆகாததுங்க" என்றார் அவர். "பரவாயில்லை, குடுங்க" என்று வாங்கி, பிரிக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். அடிவாரத்துக் கிணற்றில் இறங்கித் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். சாவு வீட்டிலிருந்து வந்தவர்கள் குளிப்பது மாதிரி, கட்டின சேலையோடு. கட்டுச்சோற்றை அன்றைக்கு நாங்கள் அவிழ்க்கவே இல்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, "அந்தத் தாலியக் கழட்டி வீசுங்க அண்ணி" என்றேன். "உசுரோட இருக்கறவருக்கு எப்படிக் கழட்டறது? எல்லாச் சாமியும் சாட்சி சொல்லிருச்சே" என்றாள். அதற்குப் பிறகு எந்த மலைக்கும் அவள் போகவில்லை. கேட்கிறவர்களிடம் முழங்கால் வலி என்றாள். என் வலியை அவள் எடுத்துக்கொண்டாள்.

சண்டை முடிந்த மறு வருசம் விசக்காய்ச்சலில் படுத்தாள். நாலாம் நாள் போய்விட்டாள். சின்னண்ணன் சொல்லியனுப்பியும் கந்தப்பன் வரவில்லை. தெருப் பெண்கள் அவளுக்கு மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்து, புதுச் சேலை கட்டி, கனகாம்பரம் சூட்டினார்கள். "பூவும் பொட்டுமாப் போறா, குடுத்து வெச்சவ" என்று ஒருத்தி ஆரம்பிக்க, அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். அவள் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுத் தங்கள் தாலியில் வைத்துக்கொள்ள ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு வந்தார்கள். எனக்கு உள்ளே கொதித்தது. எதைக் கொடுத்து வைத்தாள், எதை வாங்கிக்கொண்டாள்?

அவள் பெட்டியில் அந்தப் பொட்டலம் அப்படியே இருந்தது. இலை கருகி, நார் இறுகிக் கிடந்தது. பிரித்தேன். செவ்வரளி காய்ந்து கறுத்துப் போயிருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் அவள் கையில் வைத்தேன்.

"ஐயய்யோ, சுமங்கலி கையில போயி என்னத்துக்குங்க இந்த வாடுன பூவு?" என்று ஒருத்தி தட்டிவிட வந்தாள்.

"கைய எடுடி!" என்று கத்தினேன். "அவ கேட்டு வாங்குனது அது ஒண்ணுதான்."