களைப்புக்குப் பத்துக்குப் பத்து

முகம் தெரியாத ஒருவருக்குப் போன் போட்டு, "இன்னைக்கு எத்தனை தடவை ஒன்னுக்குப் போனீங்க?" என்று நீங்கள் எப்போதாவது கேட்டதுண்டா? தினமும் பதினைந்து பேரிடம் அப்படிக் கேட்பதுதான் என் பிழைப்பு.

எம்.எஸ். என்று ஒரு நரம்பு நோய். ஒயரின் மேலுறை உரிந்தால் கரண்ட் தடுமாறுமே, அதுபோல நரம்பின் உறை கெட்டுவிடும். கால் மரத்துப்போகும், கண் மங்கும், ஒன்னுக்கு அடக்க முடியாது, சும்மா உட்கார்ந்திருந்தாலே களைப்பு ஆளை அமுக்கும். வெயில் பட்டால் எல்லாம் இன்னும் கூடும். அதை வைத்துக்கொண்டு அன்றாடத்தை ஓட்டுவது எப்படி என்று எங்கள் கம்பெனியில் போனிலேயே துணை நிற்கிறோம். பிள்ளை பிறந்ததும் கம்பெனி பஸ்ஸுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பாகலூர் வீட்டிலேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். காது வலிக்கப் பேசிப் பிழைக்கும் சகோதரிகளே, மிச்சம் உங்களுக்கே புரியும்.

நல்ல மனசு

வேப்பனப்பள்ளிப் பக்கம் ராதம்மா அக்காவுக்கு மாந்தோப்பு இருக்கிறது. போன வருடம் மாங்காய் பறிப்பில் வெயில் தாங்காமல் கால் துவண்டு விழுந்துவிட்டார். "டாக்டர் சரின்னாத்தான் இந்த வருசம் தோப்பு" என்று அவர் வீட்டுக்காரர் முனிராஜ் அண்ணன் சொல்லிவிட்டார். டாக்டரோ நான் வாராவாரம் கேட்டு எழுதி அனுப்பும் களைப்பு மார்க்கைப் பார்த்துத்தான் சொல்வார். பூஜ்யம் என்றால் களைப்பே இல்லை, பத்து என்றால் எழுந்திருக்கவே முடியாது. அக்கா மூன்று வாரமும் பத்து சொன்னார். டாக்டர் பதறிப்போய், தோப்பு கிடக்கட்டும், கட்டிலை விட்டே இறங்கக் கூடாது என்றார்.

அதைச் சொல்லலாம் என்று கூப்பிட்டால் பின்னால் மாடு கத்துகிறது. அக்கா தண்ணி காட்டிக்கொண்டிருக்கிறார்! "பத்து சொல்லிட்டு எப்படிக்கா எழுந்தீங்க?" என்றேன்.

"கொரியர்காரப் பையனுக்கு மார்க் கொறைச்சா வேலை போயிடுமாம். கைக்கொழந்தைக்காரி நீ, உனக்குப் போய் நான் கொறைப்பனா கண்ணு?"

ஃபிரிட்ஜில் துண்டு

உண்மையான மார்க் நாலுதான். பேசிப் பேசி டாக்டரைச் சம்மதிக்க வைத்தேன். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை தோப்பு, அரை மணிக்கொரு தடவை பத்து நிமிஷம் உட்கார வேண்டும், கழுத்தில் ஈரத் துண்டு. இதில் ஒன்று தவறினாலும் தோப்பு கிடையாது. துண்டை நனைத்துப் பிழிந்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன்.

ஒத்திகை பார்க்க வீடியோ காலில் கூப்பிட்டால், துண்டு முனிராஜ் அண்ணன் கழுத்தில்! கண்ணை மூடி அனுபவித்துக்கொண்டிருந்தார். அக்கா விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். "அண்ணா, அது அக்காவுக்கு!" என்று கத்தினேன். அண்ணன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"நோவு அவளுக்குத்தாம்மா. வெயிலு ரெண்டு பேருக்கும் பொது."

அன்றே இரண்டாவது துண்டு வாங்கச் சொன்னேன்.

அலாரம்

உட்காரும் நேரம் மறக்காமலிருக்க அக்காவின் போனில் அலாரம் வைக்கச் சொன்னேன். அவர் வைத்தது சேவல் கூவும் சத்தம். அதுவும் முழுச் சத்தத்தில். பறிப்பு ஆரம்பித்த அன்று அரை மணிக்கு ஒரு தடவை கூவிற்று. ஒவ்வொரு தடவையும் அக்கா ஒழுங்காகப் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தார். ஏழரைக்கு முனிராஜ் அண்ணனிடமிருந்து போன். அக்கா விழுந்துவிட்டாரோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. இடுப்பிலிருந்த பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு எடுத்தேன்.

"இவ சேவல் கூவுனா மரத்துல இருக்கற பறிப்பாளுங்க பதினோரு பேரும் எறங்கி உக்காந்துக்கறாங்க. கேட்டா, டாக்டர் சொல்லிட்டாருங்கறாங்கம்மா!"

ஒன்பது மணி

ஒன்பதுக்கு வீடியோவில் பார்த்தேன். அக்கா தடியை ஊன்றி, யார் கையையும் பிடிக்காமல், வரப்பு தாண்டி வீடு வந்து சேர்ந்தார். விழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது, அக்கா மாங்காய்க்கு உப்பு மிளகாய்த்தூள் தேடிக்கொண்டிருந்தார். நோயோடு காலம் தள்ள ஆயிரம் வழி சொல்லிக்கொடுக்கும் இந்த வேலையில், எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லாத ஒரே கோரிக்கை, அன்று வாயில் மாங்காயோடு அவர் கேட்டதுதான்: "இந்த மனுசன் பிஞ்சையெல்லாம் பறிச்சுத் தள்ளறாரு கண்ணு, டாக்டர்கிட்ட சொல்லி இவரு தோப்புக்குள்ள வரக்கூடாதுன்னு ஒரு சீட்டு எழுதி வாங்கிக் குடேன்!"